40 ஆண்டு வயிற்றோடு போராடிய டார்வின்

இங்கிலாந்தில் கெண்ட் என்று ஒரு மாவட்டம். அந்தக் காலத்தில் அதைச் சேர்ந்த டௌன் என்று ஒரு சிற்றூர். லண்டனில் இருந்து 16 மைல் தூரம்.

அந்த ஊரில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்குள் ஒரு படிப்பு அறை. அறை நிறையப் புத்தகங்கள், புட்டிகள், பெட்டிகள். சன்னல் ஓரம் ஒரு பூதக்கண்ணாடி.

அறையின் ஒரு மூலையைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரு பீங்கான் தொட்டி, தண்ணீர், துண்டு.

இவை எதற்கு? வாந்தி எடுப்பதற்கு!

அறையின் சொந்தக்காரர் எழுதிக் கொண்டே இருப்பார். திடீர் என்று எழுந்து மூலைக்கு ஓடுவார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக் கொண்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து எழுதுவார்.

அவர்தான் சார்லஸ் டார்வின். உயிர் இனங்கள் எப்படித் தோன்றின, எப்படி மாறின என்று உலகத்துக்குச் சொன்னவர்.

அவருடைய ஆராய்ச்சியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அவருடைய வயிற்றைப் பற்றி யாரும் சொல்லித் தருவது இல்லை. ஆனால், அந்த மனிதரின் நாளை நடத்தியது வயிறுதான். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், யாரோடு எவ்வளவு நேரம் பேசலாம் என்று எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்தது.

வைத்தியர் மகன்

டார்வின் பிறந்தது 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி. ஊர், சுரூசுபரி. தந்தை ராபர்ட் டார்வின், பேர் பெற்ற வைத்தியர். பாட்டனாரும் வைத்தியர்.

மகனும் வைத்தியர் ஆக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. 16 வயதில் எடின்பரோ நகரத்துக்குப் படிக்க அனுப்பினார்.

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. நோயாளியைக் கட்டிப் பிடித்துக் கொண்டு அறுப்பார்கள். டார்வின் இரண்டு அறுவைகளைப் பார்க்கப் போனார். ஒன்று, ஒரு குழந்தைக்கு. முடியும் வரை அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே ஓடி வந்துவிட்டார். வைத்தியப் படிப்பும் அதோடு போயிற்று.

வைத்தியம் வேண்டாம் என்று ஓடியவர், பிற்காலத்தில் வைத்தியர்கள் வீட்டு வாசலிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தார்!

கப்பலில் 5 ஆண்டு

1831-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பீகிள் என்ற கப்பல் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டது. அதில் டார்வின் ஏறினார். வயது 22.

கப்பல் புறப்படும் முன்பே அவருக்கு நெஞ்சு படபடத்தது. வலியும் இருந்தது. ஆனால், டாக்டரிடம் போகவில்லை. போனால், பயணம் கூடாது என்று சொல்லிவிடுவாரே என்ற பயம்!

கப்பல் ஏறிய உடனேயே கடல் நோய் பிடித்தது. தலை தூக்க முடியவில்லை. பிஸ்கட்டும் உலர்ந்த திராட்சையும்தான் வயிற்றில் தங்கின. 5 ஆண்டு முடியும் வரை கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

கரையில் இறங்கினால் ஆள் வேறு. தென் அமெரிக்காவில் குதிரை ஏறிக் காடும் மலையும் சுற்றினார். புதை எலும்புகளைத் தோண்டினார். ஆண்டிஸ் மலையைத் தாண்டினார். இந்த மனிதரா பிற்காலத்தில் நோயாளி ஆனார் என்று கேட்கத் தோன்றும்.

அந்தப் பயணத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1834-ல் சிலி நாட்டில் அவர் நோயில் விழுந்தார். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. புளித்த புது மதுவைக் குடித்ததுதான் காரணம் என்று அவர் நினைத்தார்.

1835-ம் ஆண்டு மார்ச் மாதம், அர்ச்சென்டினாவில் மெண்டோசா நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவு தங்கினார். அங்கே பெரிய கருப்பு மூட்டைப்பூச்சி ஒன்று அவரைக் கடித்தது. இந்தப் பூச்சி பின்னால் பெரிய வழக்குக்குக் காரணம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமன் மகள்

1836-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி டார்வின் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் நெஞ்சு படபடப்பு தொடங்கியது. வயிறும் சரி இல்லை.

1839-ம் ஆண்டு சனவரி 29-ந் தேதி கலியாணம். மணமகள் பெயர் எம்மா. வெட்சுவுட் என்ற பணக்காரக் குடும்பம். பீங்கான் சாமான் செய்து புகழ் பெற்றவர்கள்.

எம்மா வேறு யாரும் அல்ல. டார்வினின் தாய்மாமன் மகள்!

நம் பக்கத்தில் மாமன் மகளைக் கட்டுவது புதுமை அல்ல. ஆனால், டார்வினுக்குப் பிற்காலத்தில் இது பெரிய கவலையாயிற்று. தன் நோய் பிள்ளைகளுக்கும் வந்து விடுமோ, நெருங்கிய உறவில் கட்டியதால் பிள்ளைகள் பலவீனமாகப் பிறந்தார்களோ என்று பயந்தார். 1870-ல், மக்கள் கணக்கு எடுக்கும்போது இப்படிப்பட்ட கலியாணங்களையும் கணக்கு எடுக்க வேண்டும் என்று முயற்சி செய்தார். பாராளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.

மொத்தம் 10 குழந்தைகள் பிறந்தன. மூன்று குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்து விட்டன.

லண்டன் புகையும் சத்தமும் டார்வினுக்குப் பிடிக்கவில்லை. 1842-ம் ஆண்டு செப்டம்பரில் டௌன் கிராமத்துக்குக் குடி போனார்கள். பிறகு சாகும் வரை 40 ஆண்டு அதே வீடுதான்.

என்ன நோய்?

நோய் எப்படி இருந்தது என்பதை டார்வினே விவரமாக எழுதி வைத்திருக்கிறார்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் வயிறு உப்பும். வாயு பகலும் இரவும் வாட்டும். சில காலம் வாந்தி. அதற்கு முன் உடம்பு நடுங்கும். காரணம் இல்லாமல் அழுகை வரும். கண் முன்னால் கரும் புள்ளிகள் ஆடும். செத்துப் போய் விடுவோம் போல் இருக்கும். களைப்போ பரபரப்போ வந்தால் நோயும் வரும்.

நண்பர் ஒருவர் வந்து அரை மணிக்கு மேல் உற்சாகமாகப் பேசினால் போதும். அன்று இரவு தூக்கம் இல்லை.

பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் நல்ல உயரம். முகத்தில் நல்ல நிறம். இவருக்கா நோய் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். இப்படிப்பட்ட நோயில் இதுதான் பெரிய கொடுமை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கால் உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்குள் நடப்பது பிறருக்கு எப்படித் தெரியும்?

தந்தை பெரிய வைத்தியர். அவராலும் குணப்படுத்த முடியவில்லை. 1848-ம் ஆண்டு நவம்பரில் தந்தை இறந்தார். அந்தச் சமயம் டார்வின் உடம்பு மிகவும் மோசம். சவ அடக்கத்துக்குக்கூட நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை.

தண்ணீர் வைத்தியம்

மால்வெர்ன் என்ற மலை ஊரில் டாக்டர் கல்லி என்பவர் தண்ணீர் வைத்தியம் செய்து வந்தார். பணக்காரர்கள் பலர் அங்கே போனார்கள். 1849-ம் ஆண்டு மார்ச் மாதம் டார்வினும் போனார். மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக் கொண்டு போனார். அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்.

காலை ஏழு மணிக்கு முன்பே எழுப்பி விடுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த முரட்டுத் துண்டால் உடம்பைத் தேய்ப்பார்கள். உடம்பு இறால் போல் சிவந்து விடும். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு நடக்க வேண்டும். வயிற்றைச் சுற்றி ஈரத் துணியைக் கட்டுவார்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை அதை மறுபடியும் நனைத்துக் கட்ட வேண்டும். கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் சர்க்கரை கூடாது. வெண்ணெய் கூடாது. மசாலை கூடாது. தேநீர் கூடாது. பன்றிக் கறி கூடாது. நாக்குக்குப் பிடித்தது எதுவும் கூடாது!

டாக்டர் கல்லி ஓமியோபதி மருந்தும் கொடுத்தார். டார்வினுக்கு அதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. ஆனாலும், சொன்னபடி விழுங்கினார்.

ஒரு மாதம் வாந்தியே வரவில்லை! நாளுக்கு 7 மைல் நடந்தார். உடம்பில் சதை பிடித்தது. தின்பதும் நடப்பதுமே வேலையாகிவிட்டது. மூளை தூங்கிப் போய்விட்டது என்று அவரே கேலி செய்து கொண்டார்.

குணம் செய்தது தண்ணீரா? அல்லது வேலை இல்லாத ஓய்வா? அல்லது சாப்பாட்டில் வைத்த கட்டுப்பாடா? மூன்றும் ஒரே சமயத்தில் நடந்தன. ஆகவே, எது என்று சொல்ல முடியாது. எனக்கு என்னவோ, ஓய்விலும் சாப்பாட்டிலும்தான் சந்தேகம் விழுகிறது.

நோய்க்குக் கணக்குப் புத்தகம்

டார்வின் சும்மா நோய்வாய்ப்பட்டுக் கிடக்கவில்லை. தன் உடம்பையே ஆராய்ச்சிப் பொருள் ஆக்கினார்.

மால்வெர்னில் இருந்து திரும்பியதும் தோட்டத்தில் ஒரு சிறு குடில் கட்டினார். மேலே தண்ணீர்த் தொட்டி. குளிர்ந்த தண்ணீர் கீழே நிற்பவர் தலையில் அருவி போல் கொட்டும். குளிர் காலத்திலும் அவர் அதில் நின்றார். அவரைத் தேய்த்து விடுவது பார்சுலோ என்ற வேலைக்காரரின் பொறுப்பு.

1849-ம் ஆண்டு சூலை மாதம் ஒரு நோட்டுப் போட்டார். ஒவ்வொரு நாளும் வயிறு எப்படி இருந்தது, இரவு எப்படிக் கழிந்தது, என்ன வைத்தியம் செய்தோம் என்று அதில் எழுதினார். நன்றாக இருந்த நாளுக்கு இரட்டைக் கோடு. மாதக் கடைசியில் இரட்டைக் கோடுகளைக் கூட்டிப் பார்ப்பார். 1855-ம் ஆண்டு சனவரி வரை, ஐந்தரை ஆண்டு விடாமல் இந்தக் கணக்கு நடந்தது!

இதே வேலையைத்தான் இன்றைய டாக்டர்களும் நோயாளிகளைச் செய்யச் சொல்கிறார்கள்.

இன்று ஐ.பி.எஸ். என்று ஒரு குடல் கோளாறைப் பற்றிப் பேசுகிறார்கள். இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்பது அதன் முழுப் பெயர். குடலில் புண் இராது. கட்டி இராது. ரத்தத்தைச் சோதித்தாலும் குறை தெரியாது. ஆனால், வயிறு வலிக்கும்; உப்பும். சிலருக்குப் பேதி. சிலருக்கு மலச்சிக்கல். சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு தாறுமாறானால், சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். கவலை வந்தால் வயிறு கலங்குவதும் இதனால்தான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்!

டார்வினுக்கு இருந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவருக்கு வந்த வாந்தி இந்த நோயில் பெரிதாக வருவது இல்லை. ஆனால், உப்புசமும் கவலையும் சாப்பாடும் பின்னிக் கிடந்த விதம் இதற்கு நெருக்கம்.

இந்த நோய்க்கு ஒரே மருந்து என்று கிடையாது. என்ன சாப்பிட்டோம், பிறகு என்ன ஆயிற்று என்று சில வாரம் நோட்டில் எழுத வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அதில் தெரியும்.

ஆசுதிரேலியாவில் மொனாசு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சாப்பாட்டு முறையை வகுத்திருக்கிறார்கள். சில வகைச் சர்க்கரைச் சத்துகள் சிறுகுடலில் சரியாகச் செரிப்பது இல்லை. அவை பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே உள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்க வைக்கின்றன. வாயு பெருகுகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், சில பயறு வகைகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றை 4 முதல் 6 வாரம் வரை குறைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எது தொல்லை தருகிறதோ அதை மட்டும் விட்டால் போதும். எல்லாவற்றையும் காலம் முழுவதும் விட்டால் உடம்பு மெலியும். ஆகவே, தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அரிசிச் சோற்றுக்கு இதில் தடை இல்லை!

மருந்துகளும் உண்டு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி. குடல் பிடிப்புக்கு மெபெவெரின், புதினா எண்ணெய் மாத்திரை. பேதிக்கு லோபெரமைடு. சிலருக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மருந்தை மிகக் குறைந்த அளவில் தருவார்கள். அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கும். யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம் போனாலோ, காரணம் இல்லாமல் எடை குறைந்தாலோ, இரவில் தூக்கத்தில் இருந்து எழுப்பும் பேதி இருந்தாலோ இது ஐ.பி.எஸ்.தான் என்று இருந்து விடக் கூடாது. உடனே சோதித்துப் பார்க்க வேண்டும்.

டார்வின் காலத்தில் இந்தச் சோதனைகள் எதுவும் இல்லை. பாவம், அவர் கண்ட கண்ட வைத்தியத்துக்கும் உடம்பைக் கொடுத்தார். பித்தளையும் துத்தநாகமும் கலந்த சங்கிலியைக் காடியில் நனைத்து இடுப்பிலும் கழுத்திலும் கட்டிப் பார்த்தார். அதில் வரும் மின்சாரம் நோயைப் போக்கும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். டாக்டர் சென்னர் சொன்னபடி சுண்ணாம்புத் தூளும் மக்னீசியாவும் ஏராளமாகத் தின்றார். 1865-ல் டாக்டர் சாப்மன் என்பவர், முதுகுத் தண்டில் பனிக்கட்டிப் பையை வைக்கச் சொன்னார். ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம். நாளுக்கு மூன்று தடவை. பனிக்கட்டி உருகியதுதான் மிச்சம்!

மகள் ஆனி

இங்கே ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டும்.

டார்வினின் மூத்த மகள் ஆனி. அப்பாவின் செல்லம். அவளுக்கு 1850-ல் உடம்பு சரி இல்லாமல் போயிற்று. தனக்கு இருக்கும் நோய்தான் மகளுக்கும் வந்து விட்டதோ என்று டார்வின் நடுங்கினார்.

தன்னைத் தேற்றியவர் டாக்டர் கல்லிதானே? ஆகவே, 1851-ம் ஆண்டு மார்ச் மாதம் மகளை மால்வெர்னுக்கு அனுப்பினார். எம்மா அப்போது நிறை கர்ப்பிணி. அவரால் போக முடியவில்லை. ஏப்ரலில் ஆனிக்குக் காய்ச்சலும் வாந்தியும் அதிகமாயின. டார்வின் ஓடினார். இரவும் பகலும் படுக்கை அருகில் இருந்தார். நிமிடத்துக்கு நிமிடம் நடப்பதை மனைவிக்குக் கடிதமாக எழுதினார். இன்று தேறுகிறாள் என்று ஒரு கடிதம். இன்று மோசம் என்று அடுத்த கடிதம்.

ஏப்ரல் 23-ந் தேதி ஆனி இறந்தாள். வயது 10.

டார்வினால் அங்கே நிற்க முடியவில்லை. மகளின் சவ அடக்கத்துக்குக்கூட இராமல், மனைவியிடம் போய்விட்டார். ஆனியை மால்வெர்னில் அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு, மால்வெர்ன் என்ற பெயரே அவருக்குக் கசந்தது. தண்ணீர் வைத்தியத்துக்கு வேறு ஊர்களுக்குப் போனார். 12 ஆண்டு கழித்து, நோய் மிகவும் முற்றிய பிறகுதான், மறுபடியும் அங்கே காலடி வைத்தார்.

புத்தகம் வந்த அன்று

1858-ம் ஆண்டு சூன் மாதம் டார்வினுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆல்பிரட் வாலசு. கிழக்கு இந்தியத் தீவுகளில் சுற்றிக் கொண்டு இருந்த ஆராய்ச்சியாளர். டார்வின் 20 ஆண்டாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த அதே கருத்தை வாலசும் கண்டு பிடித்து இருந்தார்!

அதே வாரங்களில் டார்வின் வீட்டில் நோய் புகுந்தது. கடைசிக் குழந்தை சூன் 28-ந் தேதி இறந்தது. மூன்றாம் நாள், சூலை 1-ந் தேதி, லண்டன் சங்கத்தில் இரண்டு பேர் கருத்தையும் சேர்த்துப் படித்தார்கள். டார்வின் அங்கே இல்லை.

பிறகு அவர் மூச்சு விடாமல் எழுதினார். வேலை ஏற ஏற நோயும் ஏறியது. எழுதி முடித்ததும் ஆள் விழுந்து விட்டார். 1859-ம் ஆண்டு அக்டோபரில் இல்க்லி என்ற ஊருக்குத் தண்ணீர் வைத்தியத்துக்குப் போனார்.

நவம்பர் 24-ந் தேதி புத்தகம் வெளி வந்தது. 1,250 பிரதிகள். கடைக்காரர்கள் அத்தனைக்கும் மேலேயே கேட்டார்கள். ஊர் எல்லாம் அதே பேச்சு. எழுதியவரோ வீங்கிய காலோடும் தடித்த தோலோடும் ஈரத் துணி சுற்றிக் கொண்டு இருந்தார்!

அடுத்த ஆண்டு சூன் மாதம் ஆக்சுபோர்டு நகரத்தில் அவருடைய கொள்கையைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. அங்கேயும் அவர் இல்லை. அப்போதும் ஒரு தண்ணீர் வைத்திய சாலையில்தான் இருந்தார். 1864-ல் ராயல் சங்கம் மிகப் பெரிய பதக்கம் கொடுத்தது. அதை வாங்கவும் போக முடியவில்லை.

சண்டைக்குப் பயந்து வயிற்று வலி என்று சொன்னார் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி நினைக்க இடம் இல்லை. பதக்கம் வாங்கப் போவதற்கு யார் பயப்படுவார்கள்? ஆனால், நோய் அவருக்கு ஒரு வேலி போல் ஆயிற்று என்பது உண்மை. வீண் கூட்டம், வீண் விருந்து எதற்கும் போக வேண்டியது இல்லை. கிடைத்த நேரம் எல்லாம் ஆராய்ச்சிக்கு.

வாக்குக் கொடுத்த வாய்

1865-ல் டாக்டர் பென்சு சோன்சு என்பவர் வைத்தியம் செய்தார். அவர் சாப்பாட்டில் கை வைத்தார். டார்வினைப் பாதிப் பட்டினி போட்டார் என்றே சொல்லலாம். எடை 15 ராத்தல் குறைந்தது. ஆனால், வாந்தி வெகுவாகக் குறைந்து விட்டது! நடக்கவும் தெம்பு வந்தது. பிறகு, குதிரை ஏறச் சொன்னார். டாமி என்ற சாதுவான குதிரையில் டார்வின் சவாரி செய்தார். 1869-ல் அந்தக் குதிரை விழுந்து அவர் மேலேயே உருண்டது. அதோடு சவாரி நின்றது.

1873-ல் டாக்டர் கிளார்க்கு என்பவர் இன்னொரு சாப்பாட்டுக் கட்டுப்பாடு விதித்தார்.

கட்டுப்பாடுகள் உதவின. ஆனால், டார்வினுக்கு ஒரு பலவீனம் இருந்தது. இனிப்பு!

புட்டிங் என்ற பால் பண்டத்தைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. இனிமேல் இனிப்புத் தொட மாட்டேன் என்று அடிக்கடி வாக்குக் கொடுப்பார். ஆனால், அதிலும் ஒரு தந்திரம். வாய் விட்டுச் சொன்ன வாக்குத்தான் கணக்கில் சேரும். மனதுக்குள் சொன்னது சேராது!

மூக்குப்பொடியும் போடுவார். அதைக் குறைப்பதற்காகப் பொடிச் சாடியை அறையில் வைக்காமல் கூடத்தில் வைத்தார். எழுந்து போக வேண்டுமே என்ற சோம்பலில் குறையும் என்று கணக்கு. கடைசி வரை சாடியும் காலியாகிக் கொண்டுதான் இருந்தது.

எம்மா, சமையல் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வந்தார். அதில் பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த பண்டங்கள் நிறைய. 2005-ல் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிடித்துக் கொண்டார்கள். டார்வின் உடம்புக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்கவில்லை, சாப்பிட்டு இரண்டு மூன்று மணிக்குப் பிறகு தொல்லை வந்ததற்கு அதுவே காரணம் என்றார்கள். மனைவி அன்பாகக் கொடுத்த பண்டமே நோய்க்குக் காரணம் என்றால் எப்படி இருக்கும்!

முன்பே ஒரு பூச்சியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தென் அமெரிக்காவில் அந்தப் பூச்சி சாகாசு என்ற நோயைப் பரப்பும். டார்வினுக்கு வந்தது அதுதான் என்று 1959-ல் சால் அட்லர் என்ற அறிஞர் எழுதினார். ஆனால், பூச்சி கடிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடப்பு இருந்ததே! வயது ஏற ஏற நோய் குறைந்ததே! ஆகவே, பலர் இதை ஏற்கவில்லை. மனக் கவலைதான் காரணம் என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

மணி அடித்தாற் போல

எந்த டாக்டரும் முழுக் குணம் செய்யவில்லை. ஆனாலும், டார்வின் 73 வயது வரை வாழ்ந்தார். பெரிய பெரிய புத்தகங்கள் எழுதினார். எப்படி?

நாளை அவர் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டார்.

காலையில் சிறு நடை. ஏழே முக்கால் மணிக்குத் தனியாகச் சாப்பாடு. 8 மணி முதல் ஒன்பதரை வரை வேலை. அதுதான் வயிறு அவரைச் சும்மா விடும் நேரம். பிறகு, சோபாவில் படுத்துக் கொள்வார். எம்மா கடிதங்களைப் படித்துக் காட்டுவார். பத்தரை முதல் 12 வரை மறுபடியும் வேலை. பிறகு, நாயோடு தோட்டத்து மணல் பாதையில் நடை. எத்தனை சுற்று என்று மறக்காமல் இருக்க, கல்லை அடுக்கி வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைத் தள்ளி விடுவார்.

மதியச் சாப்பாடு. பத்திரிகை. கடிதம் எழுதுதல். 3 மணிக்குப் படுத்துக் கொண்டு கதை கேட்டல். 4 மணிக்கு நடை. நாலரை மணிக்கு ஒரு மணி நேரம் வேலை. இரவில் எளிய சாப்பாடு. பிறகு, எம்மாவோடு இரண்டே இரண்டு ஆட்டம் பாக்கேமன். இது தாயக் கட்டை உருட்டி ஆடும் ஆட்டம். இதற்கும் கணக்கு வைத்திருந்தார்! 1876-ல் ஒரு நண்பருக்கு எழுதும்போது, தான் 2,795 ஆட்டமும் எம்மா 2,490 ஆட்டமும் வென்றதாகச் சொன்னார்.

ஒரு நாளைக்கு மொத்த வேலை சுமார் 4 மணி நேரம்தான். உடம்பு இடம் கொடுத்த நாள்களில் அதை விடவில்லை.

எம்மாவின் பொறுமையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 10 பிள்ளைகளைப் பெற்றார். வீட்டை நடத்தினார். கணவர் இரவில் தூங்காமல் புரண்டால் தானும் விழித்திருந்தார். டார்வின் நோயின் பெரிய மருந்து எம்மாதான் என்று பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள்.

கடைசி பத்து ஆண்டு வயிறு கொஞ்சம் இரக்கம் காட்டியது. 1881-ம் ஆண்டு மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுவே கடைசி. பிறகு, இருதயம் பலவீனம் ஆயிற்று. 1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, டௌன் வீட்டில், எம்மாவின் பக்கத்தில் உயிர் பிரிந்தது. கிராமத்திலேயே அடக்கம் செய்யத்தான் வீட்டார் நினைத்தார்கள். நாட்டின் பெரியவர்கள் கேட்டுக் கொண்டதால், லண்டனில் வெசுட்மின்சுடர் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

எம்மா 1896 வரை வாழ்ந்தார். அவருடைய சமையல் நோட்டு இன்றும் இருக்கிறது. பக்கம் எல்லாம் அவர் கையெழுத்து. நடுவில் ஒரு குறிப்பு மட்டும் வேறு கையெழுத்து. அது டார்வின் கையெழுத்து!

என்ன குறிப்பு தெரியுமா? சோறு வடிப்பது!

தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்க விட வேண்டும். நன்றாகக் கொதித்ததும் அரிசியைப் போட்டுக் கிளற வேண்டும். கடிகாரம் பார்த்துச் சரியாக 12 நிமிடம் வேக வேண்டும். பிறகு, தண்ணீரை வடித்துவிட்டுப் பானையைத் தணல் மேல் 10 நிமிடம் வைக்க வேண்டும். அதன் பிறகு பரிமாறலாம்.